யாசிதிகள் சாத்தானை வணங்குகிறவர்கள் அல்லர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் உலக மதங்களின் பேய்கள், சாத்தான்கள் பற்றி வந்த நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மெசப்பொத்தேமியாவின் பசூசு பற்றிய பகுதி அருமை. நாய் முகமும் பறவைக் கால்களும் கொண்ட அந்தப் பேயின் தலையைத் தாயத்தாகச் செய்து பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அணிந்தார்கள். பச்சைக் குழந்தைகளைப் பறித்துப்போகும் லமாஷ்து என்னும் பெண்பேயை அது விரட்டிவிடும் என்று நம்பினார்கள். ஒரு பேயே காவலாகவும் இருக்க முடியும் என்பதைக் கட்டுரையாளர் அழகாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அதே கட்டுரையில், இராக்கின் வடக்கே வாழும் யாசிதிகளைச் சாத்தானை வணங்கும் இனம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மனம் பதறிவிட்டது. இது உண்மை இல்லை. எத்தனையோ உயிர்களைக் குடித்த பழிச்சொல் இது.

யாசிதிகள் ஒரே இறைவனை நம்புகிறவர்கள். உலகைக் காக்க அவன் ஏழு வானவர்களைப் படைத்தான் என்பதும், அவர்களின் தலைவர் மெலெக் தாவூஸ் என்னும் மயில் வானவர் என்பதும் அவர்கள் நம்பிக்கை. ஆதாமுக்குப் பணியச் சொன்னபோது இவர் மறுத்தார். ‘என்னைத் தவிர யாருக்கும் பணியாதே’ என்று முன்பே இறைவன் இட்ட கட்டளையைக் காத்ததற்காக உயர்த்தப்பட்டார் என்று சொல்கிறார்கள். குர்ஆனில், தான் நெருப்பால் படைக்கப்பட்டவன் என்ற கர்வத்தில் ஆதாமுக்குப் பணிய மறுக்கிறான் இப்லீஸ் என்னும் சாத்தான், விரட்டப்படுகிறான். இரண்டு கதையிலும் பணிய மறுப்பது ஒன்றாக இருப்பதால், அக்கம்பக்கத்தார் இவரையும் அவனையும் ஒருவராக்கிவிட்டார்கள். பழி அங்கிருந்துதான் வந்தது.

அவர்களின் புனிதத் தலமான லாலிஷுக்குள் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் செல்ல வேண்டும். உள்ளே வண்ண வண்ணத் துணிகளில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன் வேறு யாரோ போட்டுப்போன முடிச்சு ஒன்றை அவிழ்க்க வேண்டும். அப்போது அந்த முகம் தெரியாதவரின் வேண்டுதல் நிறைவேறுமாம். இப்படி வேண்டிக்கொள்ளும் மக்களையா சாத்தானோடு சேர்ப்பது?

அடுத்தவர் சாமியைப் பேய் என்று சொல்வது உலகெங்கும் நடந்திருக்கிறது. பைபிளின் பழைய ஏற்பாட்டில் எக்ரோன் ஊரின் தெய்வமாக வரும் பாகால்சேபூபின் பெயர்தான், புதிய ஏற்பாட்டில் பேய்களின் தலைவனான பெயெல்செபூலுக்கு வந்து சேர்ந்தது. நம் இந்திரன் பார்சிகளின் வேதமான அவெஸ்தாவில் தீய சக்திகளில் ஒருவன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மாடன், அம்மன் வழிபாட்டைப் பாதிரியார் கால்டுவெல் 1849இல் பேய் வழிபாடு என்றே எழுதினார். எங்கள் குடும்பத்துக்கும் சுடலைமாடன்தான் குலதெய்வம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவருக்குத்தான் காசு முடிந்து வைப்போம். நமக்கு அந்தச் சொல் மனவருத்தத்தோடு போயிற்று.

யாசிதிகளுக்கு அப்படிப் போகவில்லை. 2014 ஆகஸ்ட் 3 அன்று ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஐ.எஸ். பயங்கரவாதப் படை, யாசிதிகள் வாழும் சிஞ்சார் பகுதிக்குள் புகுந்தது. அங்குள்ள கோச்சோ கிராமத்தில் ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களையும் சிறுமிகளையும் அடிமைகளாக விற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த அமைப்பு தன் பத்திரிகையில் இந்த அடிமை வியாபாரத்துக்கு நியாயம் கற்பித்தபோது, இவர்கள் இப்லீஸை வணங்குகிறவர்கள் என்றுதான் எழுதியது. நடந்தது இனப்படுகொலை என்று 2016இல் ஐ.நா. விசாரணை ஆணையம் சொன்னது. கோச்சோவில் தாயையும் சகோதரர்களையும் இழந்த நாடியா முராத் 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். மோசூல் நகரில் அடிமையாக அடைபட்டிருந்த அவர் தப்பிக்க உதவியது ஒரு முஸ்லிம் குடும்பம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. மயில் என்றதும் யாசிதிகள் முருக பக்தர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. அன்பினால் சொல்வதாகவே இருக்கட்டும், அதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் யார் என்பதை அவர்களே சொல்லட்டும்.

உங்கள் இணையப் பதிப்பில் அந்த வரியை உடனே நீக்கி, அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் யாசிதிகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடுங்கள். பத்தாண்டு கழிந்த பிறகும் ஊர் திரும்ப முடியாமல் வட இராக்கின் தோஹுக் நகரப் பக்கத்து முகாம்களில் கிடந்தவர்களைப் பற்றி அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி