குணமாக்கும் மாத்திரை அல்ல, கட்டுப்படுத்தும் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் புற்றுநோய் மாத்திரைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இமாட்டினிப் ஒருவகை ரத்தப் புற்றுநோயைக் குணமாக்குகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. நடுவில் நான்கு மாதம் தவிர, 2016-லிருந்து தினமும் மதியச் சாப்பாட்டோடு 400 மில்லிகிராம் இமாட்டினிப் சாப்பிட்டு வருகிறவன் நான். அந்த நான்கு மாதத்துக்குக் காரணமே 'குணமாகிவிட்டது' என்ற சொல்தான். அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங். அந்த வருஷம் காரணமில்லாத அசதி. இடது விலாவுக்குக் கீழே கனம். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் 1,80,000. பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாதாம். வயிற்றில் கனத்தது வீங்கிய மண்ணீரல். நோயின் பெயர் சி.எம்.எல்., மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் நுனிகளை மாற்றிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன குரோமோசோமை 1960-ல் பிலடெல்பியாவில் முதலில் பார்த்ததால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு. இந்த ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து ஒரு நொதி, அதாவது செல்லுக்குள் வேலை நடத்தும் ஒரு புரதம், உண்டாகிறது. சாதாரணமாக அந்த வகை நொதி தேவைப்படும்போது வேலை செய்துவிட்டு நின்றுவிடும். இதுவோ நிற்பதே இல்லை. 'பெருகு, பெருகு' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஆஃப் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அந்த நொதிக்குக் கரண்ட் மாதிரி ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. அதிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் ஒட்டித்தான் உத்தரவு போடுகிறது. ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில் இமாட்டினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஃபியூஸ் கேரியர் மாட்டும் இடத்தில் மரத்துண்டைச் செருகினாற்போல. ஒட்டிய காண்டாக்ட் அப்படியேதான் இருக்கும். கரண்ட் மட்டும் வராது. அந்த உத்தரவை நம்பியே வாழ்ந்த செல்கள் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் சில பதுங்கியே கிடக்கும்.

மூன்றே மாதத்தில் என் அணுக்கள் சரியான அளவுக்கு வந்துவிட்டன. முடி கொட்டவில்லை. காலையில் கண் இமை வீங்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். 2019-ல், ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது, குணமாகிவிட்டது, இனி எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்று வேண்டியவர் ஒருவர் சொன்னார். நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நான்காம் மாதம், அந்த ஒட்டுப்போட்ட மரபணு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் அதன் அளவு மளமளவென்று ஏறியிருந்தது. அன்று என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. மறுபடி ஆரம்பித்து அளவு இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

பல வருஷம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மாத்திரையை டாக்டர்களே நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் அது மாதாமாதம் பி.சி.ஆர். பார்த்துக்கொண்டே செய்வது. அப்படியும் ஏறத்தாழ பாதிப் பேர் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கட்டுரையைப் படித்துவிட்டு, பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தன் மருமகளின் மார்பகப் புற்றுநோய்க்கு இது கேட்குமா என்று என்னிடம் வந்தார். கேட்காது. எந்த சுவிட்ச் ஒட்டியிருக்கிறதோ அதற்கான மாத்திரைதான் வேலை செய்யும். நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வேறொரு சுவிட்ச். அதற்கு ஜெஃபிடினிப் போன்ற வேறு மாத்திரைகள். முதலில் மரபணுப் பரிசோதனை வேண்டும். இதையும் எழுதியிருக்கலாம்.

விலையைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றுமில்லை. கிளிவெக் என்ற பெயரில் இது மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. அதன் ஒரு வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் நம் நாட்டு நிறுவனங்களும் இதே மருந்தைத் தயாரித்து மாதம் பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கொடுக்க முடிந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் பிழைத்துக் கிடக்கிறோம்.

அடுத்த முறை எழுதும்போது 'குணமாக்கும்' என்பதற்குப் பதில் 'கட்டுப்படுத்தும்' என்று போடுங்கள். கூடவே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
உடுமலைப்பேட்டை