1829இல் யார் கையில் கேமரா இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழங்காலப் போக்குவரத்துப் படங்களுக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். முதல் படத்தின் கீழே ஒரு வரி: "உலகின் முதல் ரயில். 1829இல் ராக்கெட் எஞ்சின் ஓடியபோது எடுத்த அரிய புகைப்படம்." ராக்கெட் என்பது ஸ்டீபன்சன் செய்த நீராவி ரயில் எஞ்சின். ஒரே வரியில் மூன்று தப்பு. அது முதல் ரயிலும் அல்ல, 1829இல் எடுத்ததும் அல்ல, அரியதும் அல்ல.

இன்று கைவசம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம் 1826-27 வாக்கில் பிரெஞ்சுக்காரர் நியெப்ஸ் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது. ஒளி பதிய எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். 1838இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் டாகேர் பாரிஸ் தெரு ஒன்றைப் படமெடுத்தார். ஒளி பதியும் தட்டைச் சில நிமிடங்கள் திறந்துவைக்க வேண்டியிருந்ததால், தெருவில் போன குதிரை வண்டிகள் ஒன்றுகூடப் பதியவில்லை. பூட்ஸ் துடைத்துக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவரும் துடைத்தவரும்தான் நிழலாகத் தெரிகிறார்கள். குதிரை வண்டியே பதியாத தட்டில், அதற்கும் ஒன்பது வருடம் முன்னால் ஓடிய எஞ்சின் புகைச்சுருளோடு துல்லியமாக விழுந்திருக்கிறது! ஆசிரியர் அறியாததா இது?

நீங்கள் போட்டது 1979இல் செய்த மாதிரி எஞ்சினின் படம். கணினியில் பழுப்பேற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம், சிலிண்டரைப் பார்த்தால் போதும். 1829இல் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் ஓடியபோது ராக்கெட்டின் சிலிண்டர்கள் பின்பக்கம் உயரத்தில், சுமார் 38 டிகிரி சரிவில் இருந்தன. அந்தச் சரிவால் பிஸ்டன் தள்ளும்போதெல்லாம் எஞ்சின் ஸ்பிரிங் மேல் ஏறி இறங்கி ஆட்டம் போட்டது. அதனால் ஓரிரு வருடத்துக்குள்ளேயே சிலிண்டர்களைக் கீழே இறக்கி, கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் மாற்றிவிட்டார்கள். புகைபோக்கியின் அடியில் புகைப்பெட்டி வைத்ததும் பிறகுதான். 1862இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது இப்படி மாற்றிய, பாதி உறுப்புகள் கழன்றுபோன எஞ்சின். ஆகவே அசல் ராக்கெட்டைக் காட்டும் புகைப்படத்தில் சிலிண்டர் தாழ்ந்துதான் இருக்கும். மஞ்சள் உடம்பும் வெள்ளைப் புகைபோக்கியும் பளபளக்க, சிலிண்டர் உயரத்தில் சரிந்திருந்தால் அது மாதிரி எஞ்சின்.

'முதல் ரயில்' விஷயத்துக்கு வந்தால், இங்கிலாந்துப் பொறியாளர் ட்ரெவிதிக்கின் நீராவி எஞ்சின் 1804 பிப்ரவரி 21 அன்றே வேல்ஸில் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு சுமார் 9 மைல் போய்விட்டது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் பாரம் தாங்காமல் உடைந்தது. ராக்கெட்டின் பெருமை வேறு: பாய்லருக்குள் ஒரே பெரிய குழாய்க்குப் பதில் 25 செப்புக் குழாய்கள். சூடான காற்றின் வெப்பம் தண்ணீருக்குப் போகும் பரப்பு கூடியதால் நீராவி தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. இந்த ஒரு செய்திக்குப் பக்கத்தில் இடமில்லை. "அரிய" என்ற சொல்லுக்கு மட்டும் எட்டு இடத்தில் இடமிருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தில் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறீர்கள். பக்க அழகுக்காக இருக்கலாம். மூலப்படத்தில் ஓடிவந்து நிற்கும் வில்பர் வலப்பக்கம் இருப்பார், உங்கள் படத்தில் இடப்பக்கம் இருக்கிறார். புரட்டினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். அந்த விமானம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவில்லை. நடுவுக்கு வலப்புறம் எஞ்சின், இடப்புறம் ஆர்வில் படுத்திருந்தார். எஞ்சின் அவரைவிடக் கனம் என்பதால் வல இறக்கையை 4 அங்குலம் நீளமாக வைத்தார்கள். உங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். "நம்மை நோக்கிப் பறந்துவரும் விமானம்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது விலகிப் போகிறது. ஏற்ற இறக்கத்துக்கான தட்டுகள் முன்னால், திசைமாற்றும் சுக்கான் பின்னால் என்பதுதான் அதன் அமைப்பு. வாலைக் காணோமே என்று யாரோ முன்பின் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார். "படம்: ஆர்வில் ரைட்" என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஆர்வில் விமானத்தில் படுத்திருக்கிறார் ஐயா! கேமராவை முக்காலியில் குறிபார்த்து வைத்தது அவர். படம் பதிவதற்கான ரப்பர் பல்பை அழுத்தியது ஜான் டேனியல்ஸ் என்ற கடலோர மீட்புப் பணியாளர்.

இது புதிதல்ல. முன்பு டைட்டானிக் என்று நீங்கள் போட்டது அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. மறுபடி சொல்கிறேன்: மேலே உள்ள நடைத்தளத்தைப் பாருங்கள். முன்பாதி கண்ணாடி ஜன்னலால் மூடியிருந்தால் டைட்டானிக். முழு நீளமும் திறந்திருந்தால் ஒலிம்பிக். நான்கு புகைபோக்கி இரண்டுக்கும் உண்டு, அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

பெரிய முன்சக்கர சைக்கிளுக்கு "முதல் சைக்கிள், பார்த்தாலே சிரிப்பு வருகிறது" என்று எழுதியவருக்கு ஒரு கணக்கு. அதில் செயின் கிடையாது, பெடல் நேராக முன்சக்கர அச்சில். ஒரு மிதிக்கு ஒரு சுற்று. சக்கரம் 52 அங்குலம் என்றால் ஒரு மிதிக்கு 4.15 மீட்டர். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி; ஓட்டுபவரின் கால் நீளமே அதற்கு எல்லை. ஆள் ஏறக்குறைய அச்சுக்கு நேர்மேலே உட்கார்ந்ததால், ஒரு கல் தட்டினாலும் தலைகுப்புற விழுவார். இறக்கத்தில் கால்களை ஹேண்டில்பாருக்கு மேலே தொங்கவிட்டு வந்தார்கள். விழுந்தாலும் கால் முதலில் தரையைத் தொடும் என்பது கணக்கு. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் என்ற செயின் வைத்த சைக்கிள் வந்தது. செயினில் பல்சக்கர விகிதம் இரண்டுக்கு ஒன்று என்று வைத்தால் 26 அங்குலச் சக்கரமே அதே 4.15 மீட்டரைத் தந்துவிடும். சிரிக்க இதில் என்ன இருக்கிறது? முதல் சைக்கிளும் அதுவல்ல. ஜெர்மனிக்காரர் ட்ரைஸ் 1817இலேயே இரு சக்கர வண்டியைக் காலால் தரையை உந்தி ஓட்டிக் காட்டிவிட்டார்.

கலர் பூசும் பழக்கத்தையும் விடுங்கள். அந்தக் காலத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு வண்டி கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அந்தக் கறுப்பைப் பார்த்து நீங்கள் பூசும் நிறம் ஓவியரின் கற்பனை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படக்குறிப்பில் இயந்திரத்தின் வருடத்தையும் படமெடுத்த வருடத்தையும் தனித்தனியே போடுங்கள். மாதிரி என்றால் 'மாதிரி' என்று எழுதுங்கள். படத்தைப் புரட்டாதீர்கள்.

அடுத்த வாரம் பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் விபத்துப் படம் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். முன்கூட்டியே தந்துவிடுகிறேன்: தேதி 1895 அக்டோபர் 22. பிரேக் உரிய நேரத்தில் பிடிக்காமல், எஞ்சின் நிலையச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. 'நூற்றுக்கணக்கானோர் பலி' என்று போட்டுவிடாதீர்கள். ரயிலில் வந்த பயணி ஒருவரும் சாகவில்லை. இறந்தது ஒரே ஒருவர்: கணவருக்குப் பதிலாகக் கீழே தெருவில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த பெண்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்