விபத்து நடக்காத நாட்களின் பதிவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விமான விபத்துக் கட்டுரையில், ‘கறுப்புப் பெட்டி விபத்துக்குப் பிறகுதான் வாய் திறக்கும்’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு விமான நிறுவனத்தில் 18 வருடம், பத்திரமாகத் தரையிறங்கிய விமானங்களின் பதிவுகளைப் படிப்பதுதான் என் வேலை. அந்த ஒரு வரியில் அத்தனை வருட வேலையும் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பெட்டி கறுப்பு அல்ல, ஆரஞ்சு என்று முன்பே இரண்டு முறை எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. சரி, பெயர் பழகிவிட்டது, போகட்டும். ஆனால் 27,000 கிலோவுக்கு மேல் எடையோடு புறப்படும் விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் பறப்புத் தரவைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2005 முதல் விதித்திருப்பது உங்களுக்குத் தெரியாததா?

பெட்டியில் கடைசி 25 மணி நேரப் பறப்புத் தரவாவது இருக்கும்; அப்புறம் பழையது அழிந்து புதியது ஏறும். அதே தகவல், சுலபமாக எடுத்துப் படிக்கிற மாதிரி இன்னொரு கருவியிலும் பதிவாகும். கியூ.ஏ.ஆர். என்போம். வேகம், உயரம், மூக்கு எவ்வளவு தூக்கியிருந்தது, சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் எவ்வளவு அதிர்ந்தது எல்லாம் திரையில் கோடு கோடாக வரும்.

ஒருமுறை, ஒரே ஓடுபாதைக்கு வந்த எங்கள் விமானங்களில் பல, 1,000 அடி உயரத்தில் வர வேண்டியதைவிட வேகமாக வந்திருந்தன. ஒரே விமானி என்றால் அவர் பழக்கம் என்று விடலாம். இவர்களோ வெவ்வேறு ஆட்கள். துருவிப் பார்த்தால், கட்டுப்பாட்டு அறை விமானங்களை உயரத்திலேயே வைத்திருந்து, தாமதமாகத்தான் இறங்கச் சொல்லியிருக்கிறது; சட்டென்று இறங்க வேண்டி வந்ததால் வேகம் குறையவில்லை. பேசிச் சரிசெய்தோம். அடுத்த மாதமே கோடுகள் அடங்கிவிட்டன. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதனாலேயே எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஆய்வு யாரையும் தண்டிப்பதற்காக அல்ல என்று அந்த விதியே சொல்கிறது. எங்கள் மேலாளர் ஒருவர் அதை மதிக்கவில்லை. சற்று பலமாகத் தரையிறக்கிய ஓர் இளம் விமானியைக் கூப்பிட்டு, வரைபடத்தை மேசையில் விரித்து, எல்லோர் முன்னாலும் விளக்கம் கேட்டார். அந்தக் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த பையனின் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து, தாமாக வந்து ‘இன்று இப்படி ஆகிவிட்டது’ என்று சொல்லும் விமானிகள் நின்றே போனார்கள். என்ன நடந்தது என்று கோடு காட்டும். ஏன் என்று சொல்ல விமானிதானே வர வேண்டும்?

உங்கள் கட்டுரையோ, ‘பெட்டி கிடைத்தால் எந்த விமானி தவறு செய்தார் என்று தெரிந்துவிடும்’ என்று முடிகிறது. சில வருடங்களுக்கு முன்பும் விசாரணை முடிவதற்குள் ஒரு விமானியை நீங்கள் குற்றவாளியாக்கினீர்கள். அவர் உயிரோடு இல்லை. உங்களுக்குக் கடிதம் எழுத அவரால் முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விபத்து நடக்காத நாட்களிலும் இந்தப் பதிவுகள் படிக்கப்படுகின்றன என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், அந்த வரி மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பறப்புத் தரவு ஆய்வாளர்