கடதாசி ஆலையின் வரலாற்றில் தொழிலாளருக்கும் இடம் வேண்டும்

பத்திராதிபர் அவர்கட்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அதன் வரலாறு இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகியவற்றோடு இதுவும் உருப்பெற்றது என்பது ஒரு வரி. 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கிப் பின்னர் போரினால் நலிவடைந்தது என்பது மற்றையது. இவை சரியான தகவல்களே. ஆனால் அந்த இரு வரிகளுக்கும் நடுவே மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

அந்த ஆலைக்கும் எமது திருகோணமலை மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பும் இன்று பலருக்குத் தெரியாது. ஆலையின் மூலப்பொருள் முதன்மையாக வைக்கோல். பெரும்போக அறுவடை முடிந்து சூடு அடித்த கையோடு, தம்பலகாமத்தில் எங்கள் உறவினர்கள் வைக்கோலை லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். மூதூர், வெருகல் வழியே சென்றால் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காக, அதாவது வாகனங்களை ஆற்றின் மறுகரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவைக்காக, காத்திருக்க வேண்டும் என்பதால், தூரம் கூடினாலும் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை வழியாகவே அந்த லொறிகள் சென்றன. வைக்கோல் கனமற்றது, ஆனால் இடத்தை அடைக்கும். எனவே பக்கங்களில் கம்பு கட்டி, ஆள் மேலே ஏறி மிதித்து மிதித்துத்தான் பாரம் ஏற்றுவார்கள். ஒரு மழை நனைத்தாலும் உள்ளே சூடேறி அழுகிவிடும். வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் பொருளை வருடம் முழுவதற்கும் போர் போட்டு, மழையிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காத்தவர்களின் வேலையை எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை.

என் தாய்மாமன் அந்த ஆலையில் வைக்கோல் அவிக்கும் பகுதியில் வேலை செய்தார். வெட்டித் தூசு தட்டிய வைக்கோலைப் பெரிய இரும்புக் கலன்களில் எரிசோடா என்னும் கடுங்காரத்தின் கரைசலோடு சேர்த்து நீராவியில் அவிப்பார்கள். அவிந்ததைச் சிறிதளவு எடுத்துக் கழுவி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, கணு கரைந்துவிட்டதா இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு முறைப் பணியிலும் இருந்தார்கள் என்று மாமா சொல்வார். கணு கரையாமல் போனால் அது தாளில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். எங்கள் பாடசாலைக் கொப்பிகளில் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். சொரசொரப்பான தாளில் பேனை மை சற்றே ஊறும். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில் இந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதிப் படித்தது அத்தகைய தாளில்தான்.

நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது இயந்திரங்களில் படிந்துவிடும் என்பதால், அவித்த கரிய கழிவுநீரிலிருந்து எரிசோடாவை மீட்டெடுப்பது மரக்கூழ் ஆலைகளில் போல் எளிதாக இருக்கவில்லை. அந்தக் கழிவு வாழைச்சேனைக் களப்பைச் சென்றடைந்தது. களப்பை நம்பி வாழ்ந்த மீனவரின் முறைப்பாடும் இந்த வரலாற்றின் பகுதியே. எரிசோடாவும் குளோரினும் தந்த பரந்தன் தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் போரினால் நின்றது. புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. ஆலை வளாகத்தினுள்ளேயே இராணுவ முகாம் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே இயந்திரத்தின் முன் வேலை செய்த இடத்தில், வேலைக்குப் போய் வருவதே அச்சத்துக்குரியதானது.

2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போடப்பட்டதையும், பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்ததையும் தாங்கள் நேரடியாக அனுபவித்திருப்பீர்கள். அப்போது பலரும் வாழைச்சேனையை நினைத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் கழிவுக் கடதாசியைக் கொண்டு ஆலையை மீள இயக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன, அவற்றை வரவேற்கிறேன். ஆயினும் பழைய தாளைக் கரைப்பது வேறு, வைக்கோலிலிருந்து தாள் செய்வது வேறு. பின்னையதை அறிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். எமது வயல்களிலோ அறுவடை இயந்திரம் கக்கிச் செல்லும் வைக்கோல் பெரும்பாலும் தீ வைத்துக் கொளுத்தப்படுகிறது. என்றாவது அதைப் பயன்படுத்த எண்ணுவோமாயின், யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே கிழக்குப் பல்கலைக்கழகம், குறிப்பாக அதன் திருகோணமலை வளாகத்தின் மொழி, தொடர்பாடல் துறையினர், எஞ்சியுள்ள தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்ய முன்வர வேண்டும். நிரந்தர ஊழியர்கள் மட்டுமன்றி, வைக்கோல் ஏற்றியவர்கள், லொறிச் சாரதிகள், கொப்பிக்குத் தாள் எண்ணிக் கட்டிய பெண்கள் ஆகியோரையும் தேடிப் பேச வேண்டும். ஆலையில் எஞ்சியிருக்கும் வருகைப் பதிவேடுகள் கறையானுக்கு இரையாகுமுன் பிரதி எடுக்கப்படவும் வேண்டும். தங்கள் பத்திரிகையும் வாரத்தில் ஒரு பத்தியை இதற்கென ஒதுக்கினால், தம்மிடமுள்ள புகைப்படங்களையும் கடிதங்களையும் வாசகர்கள் அனுப்புவார்கள் என நம்புகிறேன். மாமாவின் சம்பளத் துண்டுகளும் ஆலை அடையாள அட்டையும் என்னிடம் உள்ளன; கேட்பவர்களுக்குப் பிரதி எடுக்கத் தருவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.