மாசிப் பனியில் இரண்டு பேர்

மன்னார்குடி பக்கம்,
மாசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு தரம் படித்தேன். உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், ரிட்டையர் ஆகி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, நாளெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் வள்ளென்று பேசிக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. "நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கிராமத்து வீட்டில் எப்படிப் பொழுதை ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். எழுதினால்தான் யோசித்துச் சொல்ல முடியும்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று என் மாமியார் சொல்வார்கள். ஓட்டு வீட்டில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு நிஜம் என்று தெரியும். விடிகாலையில் ஓட்டு விளிம்பிலிருந்து மழை விட்ட மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கிறது. கொல்லையில் நிற்கும் தென்னை எட்டு மணி வரைக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலில் கட்டியாக நிற்கிறது. பதினோரு மணிக்குப் பார்த்தால் வெயில் சுளீரென்று அடிக்கிறது. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் விசிறி. இந்த மாதம் அப்படித்தான்.

இவருக்குப் பிரஷர் இருப்பதால், பனியில் வாக்கிங் போகாதீர்கள், வெயில் வந்த பிறகு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் இரண்டு பேருமே வீட்டுக்குள். நீ சொல்கிற உரசல் எல்லாம் வருவது இந்த நேரத்தில்தான். அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, பால் பொங்கப்போகிறது பார், காஸைக் குறை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? எங்கள் வீட்டிலும் முதல் வருஷம் அப்படித்தான் போயிற்று.

இப்போது அப்படி இல்லை. நான் கண்ட வழி இதுதான். அவருக்கு ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிடு. காய் நறுக்கிக் கொடுங்கள், தேங்காய் துருவிக் கொடுங்கள் என்று உதவிக்குக் கூப்பிடாதே. அப்படிக் கூப்பிட்டால் நீ கொத்தனார், அவர் சித்தாள். ஒரு ஆபீஸையே நடத்தி வந்த மனிதர் எத்தனை நாளைக்குச் சித்தாளாக நிற்பார்? எங்கள் வீட்டில் தயிரும் தோசை மாவும் இவருடையவை. பால் வாங்குவதிலிருந்து உறை ஊற்றுவது வரைக்கும், அரிசி ஊறவைப்பதிலிருந்து மாவைப் பிரிட்ஜில் வைப்பது வரைக்கும் அவர்தான். நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

குளிர் நாளில் இந்த இரண்டும் எவ்வளவு படுத்தும் என்று உனக்கே தெரியும். இவர் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். பால் கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே, வெயில் காலத்தைவிட உறைமோர் கொஞ்சம் கூட விட்டு, பாத்திரத்தை மூடி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிடுவார். காலையில் கத்தி போட்டு வெட்டலாம், அப்படி உறைந்திருக்கும். மாவைச் சாயங்காலம் அரைத்தால் இந்தக் குளிரில் பொங்காது. அதனால் மத்தியானமே அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, ஒரு அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே போர்வையைச் சுற்றி வைக்கிறார். வெந்தயம் ஒரு ஸ்பூன் அதிகம். மறுநாள் காலை மாவு மேலே எழும்பியிருந்தால் அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணனுக்கும் இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் போதும். சமையலாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பேங்க் கணக்கு, செடி, மாத்திரை டப்பா, எதுவானாலும் சரி. ஆனால் கொடுத்த பிறகு நீ அதில் கை வைக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

பனி விலகியதும் இரண்டு பேரும் வாய்க்கால் கரையோடு நடந்துவிட்டு வருகிறோம். அது எங்கள் பொது நேரம். ஜனவரி 28ஆம் தேதியோடு மேட்டூர் அணையை மூடுவது வழக்கம், உனக்குத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது. சம்பா அறுவடை முடிந்த வயலில் எல்லாம் இப்போது உளுந்தும் பயறும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெற்பயிருக்குள் விதையைத் தூவிவிடுவார்கள். அறுவடை செய்கிற பெல்ட் வண்டி ஏறி இறங்கிய தடத்தில் கொஞ்சம் நசுங்கும், மற்றதெல்லாம் முளைத்து வந்துவிடும். உழவு கிடையாது. பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் ராத்திரி இறங்குகிற பனியும்தான் அதற்குத் தண்ணீர். நம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஆடுதுறை 3 ரக உளுந்து போட்டிருக்கிறார். இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, பங்குனியில் பிடுங்கிவிடலாம். அந்தப் பச்சையைக் காலை வெயிலில் பார்ப்பதற்காகவே இந்த ஊரில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பனியால் எல்லாருக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. தாமதமாக அறுத்தவர்கள் நெல்லைக் காயவைக்க ரோட்டில் கொட்டிக்கொண்டு படாத பாடு படுகிறார்கள். அரசாங்கக் கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலெல்லாம் கிளறிக் காயவைத்து, ராத்திரி படுதா போட்டு மூடினாலும் காலையில் மேல் நெல் நமுத்துப் போகிறது. நடந்து போகும்போது நாங்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம். வேறென்ன செய்ய முடியும்? கொல்லை மாமரம் இந்த வருஷம் கிளை தெரியாமல் பூத்திருக்கிறது. ஆனால் மூடுபனி நீடித்தால் தத்துப்பூச்சி வந்து பூ கருகிவிடும். இவர் தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவரவர் பாடு. நான் திண்ணையில் படிப்பேன். அவர் உள்ளே ரேடியோவோடு கண்ணயர்வார். இரண்டு மணி நேரம் பேச்சே இருக்காது. வீட்டில் பேச்சே இல்லை என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய். அதை நினைத்து மருகாதே. வேலையில் இருந்தபோது மட்டும் நாம் என்ன பேசினோம்? பிள்ளைகள் பீஸ், லோன், டிரான்ஸ்பர். அந்த விஷயமெல்லாம் தீர்ந்துவிட்டது, புதுசாக விஷயம் சேர நாள் ஆகும். எங்களுக்கு அது சாயங்காலத்தில் சேர்ந்தது. மூங்கில் புதரில் ஆறுமணிக்குருவி ஒன்று குளிர்காலம் முழுக்க இருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் இரட்டை விசிலாகக் கூப்பிடும். யார் முதலில் கேட்டார்கள் என்பதில் ஆரம்பித்து, பேச்சு எங்கெங்கோ போய்விடும். வெயில் முற்றினால் அது வடக்கே போய்விடும். அதற்குள் ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

பையன் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். முடிகிற வரைக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டோம். அவனும் புரிந்துகொண்டான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் எனக்கும் காலையில் தரையில் கால் ஊன்ற முடிவதில்லை. எழுந்ததும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தேவலை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். அண்ணனை அழைத்துக்கொண்டு பங்குனி பிறப்பதற்குள் இங்கே வா. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி எழும்பூரில் ஏறினால் காலையில் மன்னார்குடி, இவர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். 2016 மகாமகத்துக்கு வந்தபோது கும்பகோணத்துக் கூட்டத்தில் அலைந்ததோடு சரி, உட்கார்ந்து பேசவே முடியவில்லை. அடுத்தது 2028இல். அது வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. ஒரு பத்து நாளாவது இருக்கிற மாதிரி வாருங்கள். முடிந்தால் இங்கே ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி உற்சவமும் பார்த்துவிட்டுப் போகலாம். அண்ணனை இவரோடு காலையில் வயலுக்கு அனுப்பிவிடுவோம். நீயும் நானும் கொல்லை வெயிலில் வடாம் பிழியலாம். பனி குறைந்து வெயில் ஏறுகிற இந்த நாள்தான் அதற்குச் சரி. காலையில் பிழிந்தால் சாயங்காலம் துணியிலிருந்து உரித்துவிடலாம்.

பச்சை மிளகாயும் பெருங்காயமும் இங்கே இருக்கிறது. விரிக்கத்தான் துணி போதவில்லை. அண்ணனுடைய பழைய வேட்டி இரண்டு, மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் தோழி