போஜோலே என்றால் நவம்பர் ஒயின் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரெஞ்சு ஒயின் கட்டுரையைப் படித்தேன். போர்தோ, பர்கண்டி என்ற பெரிய ஒயின் பகுதிகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், போஜோலே பகுதி வந்ததும் ஒரே பத்தியில் முடித்துவிட்டார். காமே என்ற மலிவான திராட்சையில் செய்வது, லேசானது, வாங்கிய சில மாதங்களில் குடித்து முடிக்கவேண்டியது, அவ்வளவுதான். நான் லியோனில் வெகுகாலமாக இருப்பவன். இங்கிருந்து வடக்கே அரை மணி நேரம் காரில் போனால் போஜோலே குன்றுகள் தொடங்கிவிடும். அந்த ஊர்களையும் அங்கே ஒயின் செய்கிறவர்களையும் ஓரளவு தெரிந்தவன் என்பதால் இந்தப் பத்தியை அப்படியே விட மனம் வரவில்லை.

கட்டுரையாளர் சொன்னது போஜோலே நூவோ என்கிற ஒயினுக்குப் பொருந்தும். செப்டம்பரில் பறித்த பழம் நவம்பரில் பாட்டிலில் இருக்கும். முன்பெல்லாம் நவம்பர் 15 அன்று வெளியிட்டார்கள், 1985-லிருந்து நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை என்று ஆகிவிட்டது. இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஜார்ஜ் துபஃப் என்ற வியாபாரிக்கு உண்டு, 2020-ல் காலமானார். அறுவடை முடிந்த சந்தோஷத்தில் புது ஒயினைக் குடித்துக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வேகமாக முடிக்கவேண்டும் என்பதற்காகப் கடையில் வாங்கிய ஈஸ்ட்டை (சாற்றை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) போட்டு, சில நாட்களிலேயே நொதிக்கவைத்து, பாட்டிலைத் திறந்தால் வாழைப்பழ வாசனை அடிக்கும் ஒயினை வருஷா வருஷம் கோடிக்கணக்கில் விற்றதில், போஜோலே என்றாலே இதுதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. உங்கள் கட்டுரையாளரும் அதையே நம்பிவிட்டார்.

உண்மையில் போஜோலேயின் வடபகுதியில், கிரானைட் மண் உள்ள பக்கம், பத்து ஊர்ப் பெயர்கள் தனி அந்தஸ்தோடு இருக்கின்றன. இவற்றை க்ரூ என்பார்கள். மூலாங்-ஆ-வாங், ஃப்ளூரி, ஷிரூப்ல், ஜூலியேனா, மோர்கோன் எல்லாம் அதில் சேர்த்தி. இந்த ஊர்களின் பெயரில் நூவோ விற்க முடியாது, சட்டத்திலேயே இடமில்லை. இன்னொரு சிக்கல், இந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும், போஜோலே என்ற சொல் கண்ணில் படாது. அதனால் ஒரு நல்ல மோர்கோனைக் குடித்துவிட்டு, 'எனக்கு போஜோலே பிடிக்காது' என்று சொல்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

காமே மேல் இந்தப் பழி இன்று நேற்று வந்ததில்லை. 1395-ல் பர்கண்டிக் கோமகன் பிலிப், இது கெட்ட, நம்பத்தகாத கொடி என்று ஆணை போட்டுப் பிடுங்கியெறியச் சொன்னார். காமே நிறையக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும், பர்கண்டியின் சிவப்பு ஒயின் திராட்சையான பினோ நுவாரைவிட வளர்ப்பது சுலபம், அதனால் விவசாயிகள் அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள், பர்கண்டி ஒயினின் பெயர் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். ஆனால் மரபணு ஆய்வில் பார்த்தால் காமே அந்தப் பினோவின் பிள்ளைதான். பினோவும் கூவே ப்ளாங் என்ற பழைய வெள்ளை ரகமும் கலந்து பிறந்தது. புகழ்பெற்ற வெள்ளை ஒயின் ரகமான ஷார்தொனேயும் அதே பெற்றோருக்குப் பிறந்ததுதான், அதை யாரும் மலிவான ரகம் என்று சொல்வதில்லை. நிறையக் காய்க்கவிட்டால் காமே தண்ணீராகத்தான் வரும். சத்தில்லாத கிரானைட் சரிவில், பந்தலும் கம்பியும் இல்லாமல் குட்டையாக வெட்டி வளர்த்த பழைய கொடியில், குறைவாகக் காய்த்த காமே முற்றிலும் வேறு பழம்.

இதைக் காட்டியவர் மார்செல் லாப்பியர். அவர் பெயர்கூடக் கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1950-ல் பிறந்தவர், மோர்கோன் ஒயின் வரும் வில்லியே-மோர்கோன் ஊரில் குடும்பத் தோட்டத்தை 1973-ல் ஏற்றுக்கொண்டவர். ஒயின் பள்ளியில் சொல்லிக்கொடுத்த நவீன முறைப்படிதான் முதலில் செய்தார், அந்த ஒயின் அவருக்கே பிடிக்கவில்லை. அப்போதுதான் ஜூல் ஷோவே என்பவரின் பழக்கம் ஏற்படுகிறது. ஷோவே பக்கத்திலேயே ஒயின் வியாபாரம் செய்தவர், கூடவே வேதியியல் ஆராய்ச்சியாளர், மிக நுட்பமான மூக்கு உள்ளவர். அவர் சொன்னதின் சாரம் இதுதான்: பழத்தோலிலும் தோட்டத்திலும் இருக்கும் ஈஸ்ட்டே ஒயினுக்குப் போதும். களைக்கொல்லி அடித்து மண்ணைச் சாகடித்து, அறுவடையான பழத்தின் மேல் கந்தகம் கொட்டி இருக்கிற ஈஸ்ட்டையும் கொன்றுவிட்டு, பிறகு கடையில் ஈஸ்ட் வாங்கிப் போடுவது எதற்கு? நம் வீட்டில் இட்லி மாவு புளிக்க யாரும் கடைக்குப் போய் எதையும் வாங்கிக் கலப்பதில்லையே, அதுபோலத்தான்.

கேட்க எளிது, செய்வது பெரிய பாடு. கந்தகம் இல்லையென்றால் பாக்டீரியா புகுந்து ஒயின் வினிகராகிவிடும். அதற்கு லாப்பியர் செய்தது எல்லாம் கையுழைப்பு. நன்றாகப் பழுக்கும்வரை காத்திருந்து பறிப்பது, அழுகிய பழம் ஒன்றுகூட உள்ளே போகாமல் பொறுக்குவது, பழத்தைக் குளிரவைத்து முழுக் கொத்துகளாகவே, காம்போடு, தொட்டியில் போடுவது. அடியில் இருக்கும் பழம் மேல்பாரத்தில் நசுங்கி நொதிக்கத் தொடங்கும், அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும், மேலே உடையாமல் இருக்கும் பழங்களுக்குள் காற்றே இல்லாமல் ஒரு நொதித்தல் நடக்கும். காமேயின் அந்தப் பழவாசனை, துவர்ப்பு குறைந்த மென்மை இரண்டும் வருவது இங்கேதான். முறை போஜோலேயின் பழைய முறையேதான், ஆனால் இவர் அவசரப்படவில்லை. சர்க்கரை சேர்க்கவில்லை, வாங்கிய ஈஸ்ட் இல்லை, பிறகு பழைய பர்கண்டிப் பீப்பாய்களில், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு, மாதக்கணக்கில் விட்டுவைத்தார். புதுப் பீப்பாயின் மரவாசனை ஒயினில் ஏறக்கூடாது என்பதற்காகவே பழைய பீப்பாய்.

அவரோடு ழான் ஃபொயார், ழான்-போல் தெவெனே, கி ப்ரெத்தோன் என்ற மூன்று அண்டை வீட்டுக்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். இவர்களை அமெரிக்காவில் விற்ற கெர்மிட் லின்ச் 'நால்வர் கூட்டம்' என்று பெயர் வைத்தார். இன்று பாரிஸிலிருந்து டோக்கியோ வரை இயற்கை ஒயின் என்று விற்பதற்கெல்லாம் வேர்களில் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. லாப்பியர் 2010 அக்டோபரில், அந்த வருஷ அறுவடையை ஒட்டிய நாட்களில், 60 வயதில் போய்விட்டார். மகன் மாத்யூவும் மகள் கமீயும் அதே தோட்டத்தில் தொடர்கிறார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இயற்கை ஒயின் என்று எழுதியிருப்பதெல்லாம் நல்ல ஒயின் இல்லை. சுத்தமும் பொறுமையும் இல்லாமல் கந்தகத்தை மட்டும் நிறுத்திவிட்டு, எலி நாற்றம் அடிக்கும் பாட்டிலைப் பெரிய விலைக்கு விற்பவர்கள் இப்போது நிறைய. லாப்பியர் வீட்டிலேயே மோர்கோனைக் கந்தகம் இல்லாமலும், பாட்டிலில் அடைக்கும்போது மிகக் கொஞ்சம் சேர்த்தும் இரண்டு விதமாகத் தருகிறார்கள். கந்தகம் இல்லாததைக் குளிர்ந்த இடத்தில், 14 டிகிரிக்குக் கீழே வைத்தால்தான் பத்திரம். வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள், வெயிலில் தூரம் எடுத்துப் போகிறவர்கள் கொஞ்சம் கந்தகம் சேர்த்ததையே வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில மாதங்களில் குடிக்கவேண்டும் என்பதும் மோர்கோனுக்குச் சரிவராது. அந்த ஊரில் கோட் டு பி என்று சுமார் 350 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று இருக்கிறது, கையாலேயே நொறுக்கக்கூடிய நீலம் பாய்ந்த பாறை. ஃபொயாரின் புகழ்பெற்ற பாட்டில் இந்தக் குன்றின் பெயரில்தான் வருகிறது. இளமையில் செர்ரியும் லேசான மிளகுமாக இருக்கும் இந்த ஒயின், எட்டுப் பத்து வருஷம் விட்டுவைத்தால் ஈரமண்ணும் காய்ந்த பூவுமாக மாறி, பினோ நுவாரோ என்று பழகினவர்களே தடுமாறும் அளவுக்குப் போகும். அதுவும் போர்தோவின் பெரிய ஒயின் தோட்டங்கள் கேட்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராத விலையில்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பர்கண்டி பற்றி அவர் எழுதியது நன்றாகவே இருந்தது. என் வேண்டுகோள் இதுதான். வருகிற நவம்பரில் நூவோ செய்தி போடும்போது, பக்கத்திலேயே இந்தப் பத்து க்ரூ ஊர்களின் பெயரையும் போடுங்கள். அடுத்த தடவை எந்த ஒயினைப் பற்றி எழுதினாலும் ரகத்தோடு நிறுத்தாமல் ஊரையும் செய்தவரையும் சொல்லுங்கள், கடையில் பாட்டிலைக் கையில் எடுக்கும் வாசகனுக்கு அதுதான் உதவும். அப்புறம், சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் பரிமாறவேண்டும் என்று கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. காமேக்கு அது வேண்டாம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
லியோன், பிரான்ஸ்