சிறு விமானங்கள் வன்னி வானுக்கு வருமுன் நிலத்தில் செய்ய வேண்டியவை: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம்,
இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை.

ஊடாக: மாவட்டச் செயலாளர், கிளிநொச்சி.

பொருள்: சிறு தனியார் விமானங்களின் விபத்துக் காரணங்களைத் தமிழில் அறியத்தருதலும், வன்னியில் அவற்றுக்கு அனுமதி கொடுக்கும்போது சேர்க்கவேண்டிய நிபந்தனைகளும்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற கமக்காரர்களும், ஏ-9 வீதியோரக் கடைக்காரர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்த நாளிலிருந்து, சுற்றுலாவுக்கும் பயிற்சிக்கும் சிறு விமானங்கள் வன்னிப் பக்கமும் வரும் என்ற பேச்சு எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் ஓயவில்லை. வரட்டும். விமானி ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள், மறிப்பதற்கு நாங்கள் வரவில்லை. இந்த ரக விமானங்கள் எதனால் விழுகின்றன என்பது உலகத்துக்கு எப்போதோ தெரிந்த விஷயம். அந்த அறிவை எங்கள் நிலத்துக்கும் காலநிலைக்கும் பொருத்தி அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதுங்கள், எங்களுக்கும் தமிழில் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

பெரிய பயணிகள் விமானத்தையும் நான்கு பேர் ஏறும் செஸ்னாவையும் சனம் ஒன்றாகவே நினைக்கிறது. உண்மையில் அவை வேறு வேறு உலகம். தனியார் சிறு விமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட விபத்துகள் பதிவாகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் உயிர் போவதில்லை. ஓடுபாதையை விட்டு விலகுவது, சில்லு உடைவது போன்ற தரையிறங்கும் பிழைகளே அதிகம். ஆனால் உயிர் போகிற விபத்துகளை எடுத்துப் பார்த்தால் பழைய காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட விமானியின் முடிவோடு தொடர்புபட்டவை, இயந்திரக் கோளாறு அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டிலும் அனுபவம் இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் விழுந்த பி.ரி-6 பயிற்சி விமானத்தில் பயிலுநர் விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட்டில் திருகோணமலை சீனக்குடாவில் அதே ரக விமானம் விழுந்து இருவர் போனார்கள். இவை விமானப்படையினுடையவை என்பது எங்களுக்குத் தெரியும். தனியார் பக்கத்தில், 2021 டிசம்பர் கடைசியில் கட்டான, கிம்புலாப்பிட்டியில் ஒரு செஸ்னா அவசரமாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். ஏன் இப்படி நடந்தது, பிறகு எது மாற்றப்பட்டது என்று சாதாரண மனிதன் வாசித்து விளங்கும்படி தமிழில் ஒரு பக்கமாவது எங்கள் கைக்கு வரவில்லை.

உயிர் குடிக்கும் காரணங்களில் முதலாவது, பறக்கும்போது விமானம் கட்டுப்பாட்டை இழப்பது. இறக்கை காற்றை வெட்டும் கோணம் அளவுக்கு மிஞ்சினால் தூக்கும் விசை சட்டென்று விழுந்துவிடும். செஸ்னா 172 போன்ற விமானம் நேராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்தில் இந்த நிலைக்கு வரும். 60 பாகை சரித்துத் திருப்பினாலோ அதே ஆபத்து 125 கிலோமீற்றருக்கு மேலேயே வந்து நிற்கும். தரையிறங்கக் கடைசித் திருப்பம் எடுக்கிற இடத்தில், ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டோமே என்று அவசரமாக இறுக்கித் திருப்பும் விமானி இங்கேதான் அகப்படுகிறார். மீள்வதற்கு உயரம் இருக்காது. எங்கள் சோளகக் காற்று வைகாசியிலிருந்து மாதக்கணக்கில் எப்படி அடிக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அது பின்னாலிருந்து தள்ளும்போதுதான் விமானம் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டும். 1980 ஜூனில் புதுடில்லியில் சஞ்சய் காந்தி இறந்ததும் தாழப் பறந்து சாகசம் செய்த சிறு விமானத்தில்தான். தாழப் பறந்து காட்டுவதற்கு வன்னியில் யாருக்கும் அனுமதி கொடுக்கவேண்டாம், அது திருவிழாவானாலும் சரி, அமைச்சர் வருகையானாலும் சரி.

அடுத்தது முகில். கண்ணால் பார்த்துப் பறக்க மட்டும் பழகிய விமானி முகிலுக்குள் நுழைந்தால், எது மேல் எது கீழ் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பே பொய் சொல்லத் தொடங்கும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத இருபது பேரை வைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 ஜூலையில் ஜோன் எஃப். கென்னடியின் மகன் புகார் மூடிய இரவில், கடலுக்கு மேலே, தன் சொந்த விமானத்தோடு விழுந்ததும் இந்த வழியில்தான். வன்னியில் ஐப்பசி, கார்த்திகையில் காலை வெளுத்திருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். இரவில் காட்டுக்கு மேலே பறந்தால் கீழே ஒரு வெளிச்சமும் தெரியாது. ஆகவே கருவிப் பறப்புத் தகுதி இல்லாதவர்களுக்கு இங்கே இரவுப் பறப்பு வேண்டாம். ஓடுபாதை எதுவானாலும், வளிமண்டலவியல் திணைக்களத்தோடு தொடர்புள்ள ஒரு வானிலைப் பதிவுக் கருவி அதன் பக்கத்தில் இருக்கவேண்டும். காற்றுத் திசை காட்டும் துணிப்பை மட்டும் போதாது.

இயந்திரம் பற்றிச் சொல்வதானால், பொருளாதாரத் தடைக் காலத்தில் கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோலை முகரக் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். காற்றையும் எரிபொருளையும் கலந்து கொடுக்கும் காபரேட்டர் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்குள் ஐஸ் கட்டும் என்பதை இங்கே பலர் நம்பமாட்டார்கள். எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்தால் காற்று பாயும்போதும் உள்ளே வெப்பம் இருபது பாகைக்கு மேல் இறங்கிவிடும். வெளியே 30 பாகை வெயில் இருந்தாலும், காற்று ஈரமாக இருந்து விமானி இயந்திரத்தைத் தணித்து இறங்கினால் ஐஸ் கட்டி இயந்திரம் அடங்கிப்போகலாம். கார்த்திகை, மார்கழி வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை இல்லை. எரிபொருளில் தண்ணீர் கலப்பதும் அப்படித்தான். அரைவாசி நிரம்பிய தாங்கியில் இரவு ஈரம் படிந்து அடியில் தேங்கும், காலையில் அடி வால்வைத் திறந்து வடித்துப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. பீப்பாவில் கொண்டுவந்து ஊற்றும் எண்ணெய்க்கு இது இன்னும் முக்கியம். இதெல்லாம் போக, வெறுமனே எண்ணெய் தீர்ந்து விழுகிற விமானங்களும் ஆண்டுதோறும் உண்டு என்பது வெட்கக்கேடான உண்மை. 1997இல் இறந்த பாடகர் ஜோன் டென்வரின் விமானத்தில், எந்தத் தாங்கியிலிருந்து எண்ணெய் எடுப்பது என்று மாற்றும் பிடி அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப முயன்றபோதே விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

பழுதுபார்ப்புப் பற்றி உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. உரிமம் பற்றி மட்டும் ஒன்று. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதை ஓட்டியவருக்குப் பணத்துக்கு ஆள் ஏற்றும் உரிமமும் இல்லை, இரவுப் பறப்புத் தகுதியும் இல்லை. புகைக்குழாயிலிருந்து கசிந்த கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்துகொண்டது. சுற்றுலா என்ற பெயரில் இங்கே யார் யாரை ஏற்றப்போகிறார்கள் என்பதை அதிகாரசபை நேரில் வந்து பார்க்கவேண்டும்.

இனி எங்கள் நிலத்துக்கே உரியவை. குளக்கரைகளில் மாரிகாலத்தில் வந்திறங்கும் பறவைக் கூட்டங்கள், ஓடுபாதையில் ஏறும் கட்டாக்காலி மாடுகள், உயரமான பனைகள், தைப்பொங்கலை ஒட்டிப் பிள்ளைகள் விடும் பட்டங்கள், மன்னாரில் நிற்கும் காற்றாலைகள், வவுனியாவிலிருந்து வடக்கே போகும் உயர் அழுத்த மின்கம்பிகள். மேலிருந்து பார்க்கிறவருக்குக் கோபுரம் தெரியும், கம்பி தெரியாது. பறப்புப் பாதைக்கு அருகில் போகும் கம்பிகளில் நிறப் பந்துகள் கட்டும்படி அவற்றுக்குப் பொறுப்பான மின்சார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டுகிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம், இயந்திரம் நின்ற விமானம் எங்கே இறங்கும் என்பது. ஆயிரம் அடி உயரத்தில் இயந்திரம் நின்றால் செஸ்னா ஒன்று இரண்டரைக் கிலோமீற்றர் அளவு வழுக்கிப் போகும். அந்த வட்டத்துக்குள் விமானி தேடுவது வெட்டையான இடம். சிறுபோகம் வெட்டிய வயல் காய்ந்திருக்கும், நல்லது. காலபோகத்தில் அதே வயல் தண்ணீரும் வரம்புமாக இருக்கும். முன் சில்லு புதைந்து விமானம் குப்புறப் புரளும். வயலை விட்டால் அடுத்த வெட்டை எது? சில இடங்களில் அது கண்ணிவெடி முழுதாக அகற்றி முடியாத பற்றை. முகமாலைப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. 2028க்குள் முடிப்பதாக நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது, அதுவரை பொறுக்காமல் பறப்பதானால் துப்புரவாக்கப்படாத நிலங்கள் விமானிகளின் வரைபடத்தில் குறிக்கப்படவேண்டும். உதவிக்கு ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கும் அது தெரியவேண்டும்.

விமானம் விழுந்த இடத்துக்கு முதலில் போய்ச்சேரப்போவது நாங்கள்தான். 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவை மறந்தவர் இங்கே இல்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று அன்று கண்டோம். தலைகீழாகக் கிடக்கும் விமானத்தில் ஆளைத் தாங்கிப் பிடிக்காமல் இருக்கைப் பட்டியை வெட்டினால் கழுத்து முறியலாம். சில புதிய ரக விமானங்களில் ரொக்கெட் வைத்து விரிக்கும் பரசூட் இருக்கிறது, அது வெடிக்காமல் கிடந்தால் உதவ வந்தவருக்கே ஆபத்து. இவற்றை ஒரு நாள் பயிற்சியில் சொல்லித்தரலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையமும், 1990 அம்புலன்ஸ் சேவையும், பிரதேச சபையும் சேர்ந்தால் போதும். சிதைந்த பாகங்களைத் தொடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பழைய இரும்பு வாங்குகிறவர்களின் லொறி எங்கள் பக்கம் மிக வேகமாக வரும்.

ஒன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறோம். விமானப் பயிற்சியில் ஆசிரியர் வேண்டுமென்றே இயந்திரத்தைத் தணித்து, இறங்க இடம் தேடு என்பார். அவசியமான பாடம், குறை சொல்லவில்லை. ஆனால் போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய தாய்மார் இன்னும் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். தலைக்கு மேலே இரைச்சல் திடீரென்று நின்றால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். பயிற்சி நேரத்தையும் இடத்தையும் கிராம அலுவலர் மூலம் முன்கூட்டியே அறிவித்து, குடிமனைகளுக்கு மேலே இந்தப் பயிற்சியைத் தவிர்க்கவேண்டும். மே 18 வரும் வாரத்தில் தாழ்பறப்பே வேண்டாம்.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யாரையும் குற்றவாளியாக்குவதல்ல என்று சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. அப்படியானால் நாட்டில் நடந்த சிறு விமான விபத்துகளின் விசாரணை முடிவுகளைச் சுருக்கமாகத் தமிழில் வெளியிடுவதில் தடை இருக்க நியாயமில்லை. தமிழும் அரசகரும மொழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துத்தான் பெறவேண்டும் என்றால் அதையும் செய்வோம், ஆனால் அதற்கு முன் நீங்களாகவே தருவது அழகு.

அனுமதி எதற்கும் கையெழுத்திடுமுன் அதிகாரசபையின் தொழில்நுட்ப அலுவலர் ஒருவரை அனுப்பி, கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தில் தமிழில் ஒரு கூட்டம் நடத்தித் தாருங்கள். மாசி, பங்குனி அறுவடை நாட்களைத் தவிர்த்தால் எல்லோரும் வருவோம். இந்த மனு கிடைத்ததையும், எடுக்கப்போகும் நடவடிக்கையையும் எழுத்தில் அறியத்தரவும்.

இப்படிக்கு,
கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, பெற்றோர் ஆகியோர் சார்பில்,
செயலாளர்.

பிரதி: பிரதேச செயலாளர், மாவட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிரதேச சபைத் தவிசாளர்.
இணைப்பு: கையொப்பப் பட்டியல், மின்கம்பிகளும் குளங்களும் குறித்த கையால் வரைந்த ஊர்ப் படம்.